இரண்டு பெட்டிகளின் நட்பு

தனிமையை ஒழிப்பது என்று அரசு முடிவெடுத்தபோது யாரும் எதிர்க்கவில்லை. கொசுவை ஒழிக்க யார் எதிர்ப்புச் சொல்வார்கள்? கொசு ஒழிப்புத் துறை இயங்கிவந்த கட்டடத்தின் மேல்மாடிதான் புதிய வாரியத்துக்கும் கிடைத்தது. புகை அடிக்கும் இயந்திரங்களைக் கீழே இறக்கிவிட்டு நாற்காலி போட்டார்கள். பெயர்ப்பலகையில் 'தனிமை ஒழிப்பு வாரியம்' என்றும், அதன் கீழே 'இனி யாரும் தனியாக இருக்க முடியாது' என்றும் எழுதியிருந்தது. இரண்டாவது வரியைப் படித்துவிட்டுப் பயந்தவர்களும் உண்டு.

வாரியம் ஒரு பெட்டி செய்தது. செருப்பு வாங்கினால் கொடுக்கும் அட்டைப்பெட்டி அளவு இருக்கும். முன்பக்கம் துணி போர்த்திய வட்டம் ஒன்று, அதன் வழியாகப் பேசும். அரசுப் பெயர் 'உற்ற துணை'. மக்கள் பெட்டி என்றார்கள். தனியாக வாழும் வயதானவர்கள் வீட்டிலெல்லாம் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டி கேட்கும், பேசும், வீட்டில் நடக்கும் பேச்சுக்கு மதிப்பெண் போடும். முடிவு வாசலுக்கு மேலே ஒரு விளக்கில் தெரியும். துணை உள்ள வீட்டில் பச்சை. இல்லாத வீட்டில் சிவப்பு. சிவப்பைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள் என்று வாரியம் எதிர்பார்த்தது. பால்காரர் பொட்டலத்தை வாசலில் வீசிவிட்டு ஓடினார். நின்றால் பேசவேண்டியிருக்குமே.

சிவப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் ஆளைக் கூட்டு வாழ்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கழிப்பறைக்கும் கதவு கிடையாது. தனிமை கதவில்தான் தொடங்குகிறது என்று வாரியம் கண்டுபிடித்திருந்தது.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில், எதிரெதிர் வீட்டில் இருவர் இருந்தார்கள். ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கட்டடத்து லிஃப்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. மற்றவர் பல்செட் செய்கிறவர். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இத்தனை பேருடைய வாயைத் திறந்து பார்த்த பிறகு ஒரு வாயோடு காலம் தள்ளலாம் என்ற ஆசையே விட்டுப்போச்சு என்பார்.

இருவரும் தினமும் சீட்டாடினார்கள். லிஃப்ட்காரர் வீட்டில் ஆடுவார்கள், அங்கே சலித்தால் பல்செட்காரர் வீட்டில். அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினால் அது திட்டாக இருக்கும்.

பல்செட்காரருக்கு ஒரே ஒரு பயம். அவரைப் போலீஸ் அவ்வப்போது சவக்கிடங்குக்கு அழைத்துப்போகும். அடையாளம் தெரியாத பிணத்தின் வாயில் பல்செட் இருந்தால் அது யாருக்குச் செய்தது என்று பார்த்துச் சொல்லவேண்டும். அங்கே கேட்பாரில்லாமல் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடமாட்டார்.

"மூஞ்சி போனாலும் நான் செஞ்ச பல்லு சிரிச்சிக்கிட்டே இருக்கும்யா," என்று ஒருநாள் சொன்னார். "அதைப் பாத்து இவரு இன்னாருன்னு நான் சொல்லிடுவேன். என் பல்லைப் பாத்துச் சொல்ல யாரு இருக்கா?"

"வாயை மூடிக்கிட்டுச் சாவு. யாரும் கேக்க மாட்டாங்க."

"வெளையாடாதேய்யா. நான் முன்னாடி போயிட்டா நீதான் எடுத்துப் போடணும். அநாதைப் பொணம்னு நம்பர் போட்டுப் பொதைச்சிடுவானுங்க."

"சரிய்யா. எடுத்துப் போடறேன். இப்ப சீட்டைப் போடு."

இப்படி இருக்கும்போதுதான் பெட்டி வந்தது. வந்ததிலிருந்து இரண்டு வாசலிலும் சிவப்பு.

விசாரிக்க நேச அலுவலர் வந்தாள். சின்னப் பெண். கையில் வெள்ளை ரப்பர் உறை. வாரிய ஊழியர்கள் எந்தப் பேச்சையும் 'சாப்பிட்டீங்களா' என்று ஆரம்பிக்கவேண்டும். பிறகு எதிராளியின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளவேண்டும். வயதானவர்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடவேண்டும். உறை, தொற்று வராமலிருக்க.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்று லிஃப்ட்காரரின் கையைப் பிடித்தாள்.

"சாப்ட்டேன். எதுக்கும்மா கையைப் புடிக்கிறே? நான் விழல."

"இது நேசம்ப்பா."

"ஓ."

இடுப்பில் இருந்த கருவி மணி அடித்ததும் கையை விட்டாள். "உங்க வெளக்கு செவப்பா எரியுதேப்பா. உங்களுக்குன்னு யாருமே இல்லியா?"

"எதிர்வீட்டுக்காரன் இருக்கானே. இப்பகூட உள்ளதான் இருக்கான். நான் எந்திரிச்சு வந்ததும் என் சீட்டை எட்டிப் பாத்திருப்பான்."

"பாக்கலைய்யா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பாக்கறதுக்கு அதுல என்ன கெடக்கு?"

நேச அலுவலர் உள்ளே வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது அவள் காதில் மட்டும் ஏதோ சொன்னது. அவள் முகம் வாடியது.

"'செத்துத் தொலையேன்யா'ன்னு நேத்து நீங்க இவரைச் சொல்லியிருக்கீங்க."

"ஆட்டத்துல தோத்துட்டேன்மா. அதான்."

"'உன் மூஞ்சிக்கு இந்தப் பல்லே அதிகம்'னு அவர் உங்களைச் சொல்லியிருக்காரு."

"பல்லு அவன் செஞ்சு குடுத்ததும்மா. பெருமை அடிச்சுக்கறான்."

"அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்ல."

"பக்கத்துலதானே உக்காந்திருந்தோம்."

"பக்கத்துல உக்காந்திருக்கறதெல்லாம் பெட்டிக்குக் கேக்காதுப்பா," என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். "மனசு எப்படி இருக்குன்னு கேக்கணும். அவங்க சொல்றதைத் திருப்பிச் சொல்லிக் காட்டணும். நீங்க சொல்றது எனக்குப் புரியுதுன்னு சொல்லணும். இதுல ஒண்ணுகூட நீங்க செய்யல. பெட்டி இதைப் பகைன்னு எடுத்துக்கிச்சு."

"பகையா? இவன்கூடவா?" பல்செட்காரர் சீட்டை மேசையில் போட்டார். "பகை வச்சிக்கற அளவுக்கு இவன் ஒரு ஆளாம்மா?"

"பாத்தீங்களா, இதுவும் பதிவாயிடுச்சு," என்றாள் அவள் உண்மையான வருத்தத்தோடு.

இருவரும் ஒருவரை ஒருவர் சந்திக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. கெட்ட சேர்க்கை தனிமையைவிட ஆபத்தானது. ஆளுக்கொரு பொருத்தமான நண்பரை வாரியமே தேடிக் கொடுத்தது. லிஃப்ட்காரருக்கு இன்னொரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். வயது, தொழில், மனைவி இறந்தது எல்லாம் பொருத்தம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எந்த லிஃப்ட் எப்போது நின்றது என்று இருவருக்குமே தெரிந்திருந்ததால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வந்தவர் தூங்கிவிட்டார். பல்செட்காரருக்கு வந்த நண்பர் வாயைத் திறந்து காட்டி, கடைவாய்ப் பல் ஆடுகிறது, பாருங்கள் என்றார்.

அந்த வாரத்தில்தான் கீழ்மாடி பாட்டு டீச்சரை வாழ்வக வண்டி ஏற்றிக்கொண்டு போனது. "நான் தனியா இல்லியே, பாடிக்கிட்டுத்தானே இருந்தேன்," என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். பாட்டு பேச்சாகாது என்று பெட்டி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தது.

அன்று மாலை லிஃப்ட்காரர் தன் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று சைகை காட்டினார். சமையல்கட்டு மேசைமேல் பல்செட்காரரின் பெட்டி இருந்தது. அதற்கு எதிரே தன் பெட்டியை முகம் பார்க்க வைத்தார். லிஃப்டுக்குள் இருக்கும் போனைச் சோதிக்க ஆள் கிடைக்காத நாட்களில் அதன் எதிரே ரேடியோவை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது அவர் வழக்கம்.

வாரியத்துக்கு ஒரு பெருமை உண்டு. பெட்டியின் குரலை மனிதக் குரலிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெட்டியாலும் முடியவில்லை.

"இன்னைக்கு உங்க மனசு எப்படி இருக்கு?" என்றது ஒன்று.

"நீங்க கேட்டதே ஆறுதலா இருக்கு. உங்க மனசு எப்படி இருக்கு?" என்றது மற்றது.

"உங்களுக்கு ஆறுதலா இருக்குன்னு கேக்கறப்ப எனக்கும் ஆறுதலா இருக்கு."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது."

இரண்டு வாசலிலும் விளக்கு பச்சையாக மாறியது. பல்செட்காரர் கொஞ்ச நேரம் காதுகொடுத்தார். நண்பரை வெளியே இழுத்துவந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். "கருமம். ரெண்டு பக்கமும் மேல்வரிசைப் பல்லே வச்ச மாதிரி இருக்குய்யா. கடிக்கவே மாட்டேங்குது."

"வா, மேல போவோம்."

மொட்டைமாடியில் லிஃப்ட் இயந்திர அறை இருந்தது. சாவி லிஃப்ட்காரரிடம். உள்ளே எண்ணெய் வாடை, சக்கரம் சுற்றும் சத்தம், ஒரு மஞ்சள் பல்பு. கருவிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சீட்டாடினார்கள். திட்டிக்கொள்ளவும், நெடுநேரம் சும்மா இருக்கவும் அந்த ஊரில் மிச்சமிருந்த இடம் அதுதான்.

கீழே சமையல்கட்டில் பேச்சு வளர்ந்தது. பெட்டிகளுக்குத் தூக்கம் இல்லை, சலிப்பு இல்லை, அடுப்பில் பாலும் இல்லை. விளக்கு பச்சையைத் தாண்டி ஒருநாள் நீலமானது. நீலம் என்று ஒரு நிறம் இருப்பதே வாரியத்தின் இயக்குநருக்கும் பெட்டி செய்த பொறியாளருக்கும்தான் தெரியும். முழுமையான நட்புக்கு உரியது அது. எங்கும் எரிந்ததில்லை. கட்டடத்துக்காரர்கள் அந்த வாசல்களில் நின்று படம் எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் போனார்கள்.

நேச அலுவலர் மீண்டும் வந்தபோது கண் கலங்கியிருந்தாள். கட்டிப்பிடிக்க அனுமதி வாங்கி வந்திருந்தாள். அதற்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் மேலங்கி.

"நீங்க பாத்துக்கக் கூடாதுங்கற உத்தரவை எடுத்துட்டாங்கப்பா. உங்க பேச்சை ஆபீஸ்ல எல்லாரும் போட்டுக் கேட்டோம். அழுதுட்டேன். ஒரு தடவைகூட நீங்க குறுக்க பேசலை. ஒரு தடவைகூட 'நான் சொல்றதைக் கேளு'ன்னு சொல்லலை."

"நாங்க அப்படித்தாம்மா," என்றார் பல்செட்காரர். "குறுக்க பேசவே மாட்டோம்."

"உங்க ரெண்டு பேரை வச்சுத்தான்ப்பா திட்டத்தை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகப் போறாங்க. புருஷன் பொண்டாட்டி இருக்கற வீட்டுக்கும். அமைச்சர் கையால விருது."

அவள் போன பிறகு லிஃப்ட்காரர், "போய் உண்மையைச் சொல்லிடலாமாய்யா?" என்றார்.

"சொல்லி? கதவில்லாத கக்கூஸ்ல உக்காரப் போறியா? விருதை வாங்கி வீட்டுல வை. நீ ஜெயிச்சேன்னு சொல்லிக்க அதுவாவது இருக்கட்டும்."

வாரியம் வளர்ந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் சேவையும் அதன்கீழ் வந்தது. பேச்சுத்துணைக்காகவே சிலர் நெஞ்சு வலி என்று ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னதாம். அதனால் யார் அழைத்தாலும் முதலில் அவர் வீட்டுப் பெட்டியைக் கேட்பார்கள். பெட்டி சரி என்றால்தான் வண்டி கிளம்பும்.

விருது விழாவுக்கு முந்தின நாள் பகலில் இருவரும் இயந்திர அறையில் இருந்தார்கள். பல்செட்காரர் கையில் நல்ல சீட்டு வந்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. அதைப் போடாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நடிக்காதேய்யா. போடு."

அவர் பக்கவாட்டில் சரிந்தார். வேர்வை கொட்டியது. லிஃப்ட்காரர் அவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

"வணக்கம். சாப்பிட்டீங்களாப்பா?" என்றது ஒரு பெண் குரல்.

"நெஞ்சு வலின்னு விழுந்துட்டாம்மா. சீக்கிரம் வண்டி அனுப்பு." முகவரியைச் சொன்னார்.

"யாருப்பா விழுந்தது?"

"பல்செட்காரன். கடைசி மாடி."

"ஒரு நிமிஷம்ப்பா." கீபோர்டு தட்டும் சத்தம். "அவர் நல்லாத்தானே இருக்காரு. சமையல்கட்டுல உக்காந்து பேசிக்கிட்டிருக்காரு. இப்பத்தான் சிரிச்சாரு."

"அது அவன் இல்லம்மா. இவன் இங்க, மொட்டைமாடியில கெடக்கான்."

"அவரோட நண்பர்கூடப் பக்கத்துலயே இருக்காருப்பா. லிஃப்ட் மெக்கானிக். அவர் நல்லாப் பாத்துக்குவாரு."

"நாந்தாம்மா அது!"

"அவரும் சமையல்கட்டுலதான்ப்பா இருக்காரு. அப்ப நீங்க யாரு?"

லிஃப்ட்காரர் மடியில் இருந்த நெற்றியின் வேர்வையைத் துடைத்தார்.

"உங்களுக்குத் தனிமையா இருக்கற மாதிரி தோணுதாப்பா?" என்று கேட்டது குரல்.

அவர் நண்பரின் தலையைத் தரையில் மெதுவாக இறக்கிவிட்டுக் கீழே ஓடினார். மேசைமேல், "உங்களை மாதிரி ஒருத்தர் கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும்," என்று சொல்லிக்கொண்டிருந்த பல்செட்காரரின் பெட்டியைப் பிடுங்கிச் சுவிட்சை அணைத்தார். வாசலில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. நீலம் சிவப்பானது வாரியத்தில் பெரிய கலவரத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். வண்டி உடனே வந்தது. ஆனால் வந்தது ஆம்புலன்ஸ் இல்லை, நேசக் குழு. வாரியத்திடம் ஆம்புலன்ஸைவிட நேச வண்டிகள்தான் அதிகம்.

உறை போட்ட ஆண்களும் பெண்களும் லிஃப்ட்காரரின் பின்னால் வந்து இயந்திர அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழுத் தலைவர் பல்செட்காரரின் கையைப் பிடித்தார்.

"சாப்பிட்டீங்களாப்பா? கை ஜில்லுன்னு இருக்கு பாருங்க. தனிமைக்கு இதான் மொத அறிகுறி."

"சாகறான்யா! தூக்குங்க!"

"அவசரப்படாதீங்கப்பா. கைப்பிடி நேரம் முடியட்டும்."

அவர்கள் ஒரு மெட்டை முனகினார்கள். பல்செட்காரரின் கண் லிஃப்ட்காரரைத் தேடியது. உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்பது முனகலில் கேட்கவில்லை. திட்டாகத்தான் இருந்திருக்கும். மணி அடித்ததும் தூக்கினார்கள். லிஃப்ட் எங்கும் சிக்காமல், குலுங்காமல் கீழே போனது. அதை லிஃப்ட்காரர் நன்றாகத்தான் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் மருத்துவர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

நேசக் குழுவில் ஒருவர் பின்தங்கி, விதிப்படி சமையல்கட்டுக்குப் போய் அணைந்த பெட்டியை மறுபடி போட்டுவிட்டு வந்தார். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நீலம் எரிந்தது.

சவக்கிடங்கு ஊழியர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மேசையில் இருந்த பெட்டியைக் கேட்டுவிட்டு, "உறவுன்னு யாரும் இல்ல போல. பரவாயில்ல சார், நீல வெளக்கு நண்பர்னா சொந்தக்காரங்களுக்குச் சமம்னு புதுசா உத்தரவு வந்திருக்கு. நீங்களே பாடியை வாங்கிக்கலாம்," என்றார்.

லிஃப்ட்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எப்ப எடுத்துக்கலாம்?"

"அதுலதான் ஒரு சிக்கல் சார். அவரு சாகலியே."

"என்னது?"

"சமையல்கட்டுல பேசிக்கிட்டிருக்காருன்னு வருது."

"அப்ப உள்ள படுத்திருக்கறது யாரு?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம். பேரு தெரியாத ஆளு. யாரும் வரலைன்னா காலைல நகராட்சி வண்டி வந்து எடுத்துக்கும்."

"நான் வந்திருக்கேனேய்யா!"

"நீங்க உயிரோட இருக்கற ஒருத்தருக்கு நண்பர் சார்," என்றார் ஊழியர் பரிவோடு. "இவருக்கு நீங்க யாரு?"

லிஃப்ட்காரர் வாரியத்துக்குப் போனார். மறுநாள் விழாவுக்காகப் படிக்கட்டெல்லாம் நீலத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அவரை உடனே உள்ளே கூப்பிட்டார். காதில் கடலை அளவு ஒரு கருவி இருந்தது. பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அது சொல்வதைக் கேட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களாப்பா?" கையைப் பிடித்தார்.

"நண்பன் செத்துட்டான். பொணத்தைக் குடுங்க. எடுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கேன்."

இயக்குநர் காதுகொடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது."

"ரெண்டு பெட்டியையும் எதிரெதிரா வச்சிட்டு நாங்க மேல சீட்டாடப் போயிட்டோம். இவ்வளவு நாளா பேசினது நாங்க இல்ல, பெட்டிங்கதான். வேற ஒண்ணும் இல்ல. அவன் செத்தது நெசம்."

இயக்குநரின் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கதவைச் சாத்தலாமா என்று பார்த்தார். வாரியத்தில் கதவு இல்லை.

"இதை நீங்க வெளிய சொன்னா என்ன ஆகும் தெரியுமாப்பா? உங்க ரெண்டு பேருக்கும் நட்பே இல்லைன்னு ஆயிடும். பழைய பதிவுதான் நிக்கும். அதுல பகைன்னு இருக்கு. பகையாளிக்குப் பொணத்தைக் குடுக்க மாட்டாங்க. சொல்லாம விட்டா, நட்பு இருக்கும். ஆனா நட்பு இருந்தா அவர் உயிரோட இருக்காரு. உயிரோட இருக்கறவரைப் பொதைக்க முடியாது."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"விழாவுக்கு வாங்க. அவருக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

"ஏங்க, உங்களுக்கு யாரும் செத்ததில்லையா?"

முதல்முறையாக இயக்குநர் காதுக் கருவியைக் கேட்காமல் பேசினார். "எங்கம்மா வேற ஊர்ல இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, பெட்டி வச்சிருக்கேன். அதுங்க ரெண்டும் தெனமும் பேசிக்குது. அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்கறதா என் பெட்டி சொல்லுது. நான் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. போனா என்ன பேசறதுன்னு தெரியல. எனக்குத் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரிஞ்சிருக்கு." பிடித்திருந்த கையைத் தட்டிக்கொடுத்தார். "போகாம இருக்கறது எவ்வளவு நிம்மதி தெரியுமாப்பா? இதைத்தான் நாங்க எல்லாருக்கும் குடுக்கணும்னு பாக்கறோம்."

மணி அடித்தது. கையை விட்டார்.

லிஃப்ட்காரர் வெளியே வந்து, பொதுமக்கள் குறைகளைக் கேட்க வைத்திருந்த பெட்டியின் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பகையாளி என்று ஆனாலும் பரவாயில்லை, செத்தவன் செத்தவனாக இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. பெட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, மனம் திறந்ததற்கு நன்றி சொன்னது.

பதில் சாயங்காலமே வந்தது. விசாரித்ததில், அந்த நட்பு இரண்டு பெட்டிகளுக்கு இடையே நிகழ்ந்தது என்று தெரியவருகிறது. ஆகவே விருது பெட்டிகளுக்கு வழங்கப்படும். மனிதப் பங்கேற்பாளர்கள் இருவரும் நீக்கப்படுகிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தாரா என்பது இந்த வாரியத்தின் வரம்புக்குள் வராது. மற்றவர் விழா முடிந்ததும் கூட்டு வாழ்வகத்துக்கு அழைத்துச் செல்லப்படுவார்.

காலையில் அவர் சவக்கிடங்கு வாசலில் நின்றார். நகராட்சி வண்டி வந்தது. ஓட்டுநர் தனியாக வந்திருந்தார்.

"கூட வர்ற ஆளைக் காணோம் சார்," என்றார் ஊழியரிடம். "கைதட்ட ஆள் வேணும்னு எல்லாரையும் விழாவுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. ஒருத்தனா எப்படித் தூக்கறது?"

"நான் ஒரு கை புடிக்கறேன்," என்றார் லிஃப்ட்காரர்.

ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கூலி கெடையாது பெரியவரே."

"வேணாம்."

"இவரு உங்களுக்கு யாராவதா?"

லிஃப்ட்காரர் ஊழியரைப் பார்த்தார். ஊழியர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரும் இல்ல," என்றார்.

"அப்ப சரி. யாராவதா இருந்தா ஏத்தக் கூடாது, ரூல்ஸ்."

காலைப் பிடித்தது ஓட்டுநர், தலைப்பக்கம் லிஃப்ட்காரர். ஓட்டுநர் முன்னால் உட்காரச் சொன்னதை அவர் கேட்கவில்லை. பின்னால் ஏறித் தரையில் உட்கார்ந்துகொண்டார். வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் போர்த்தியிருந்த துணி விலகியது. இழுத்துவிட்டார்.

"நகராட்சி வண்டிதான்யா," என்றார் துணியைப் பார்த்து. "அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்காதே. நான் வர்றேன்ல?"

வண்டி சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

இடுகாட்டில் குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. காவலாளியின் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விழா நேரடி ஒளிபரப்பு. இறக்கி வைத்ததும் ஓட்டுநர், "ஒரு நிமிஷம் பெரியவரே, இதைப் பாத்துட்டு வந்துடறேன்," என்று போய்க் காவலாளியின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

டிவியில் இயக்குநர் பேசினார். அவர் குரல் கல்லறைகளின் மேல் நன்றாகக் கேட்டது. "மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், ஒரு நாள் செத்தும் போகிறார்கள். இதுவரை நட்புக்கு இருந்த குறைகள் இவைதான். இன்று அவற்றை நீக்கிவிட்டோம் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்." கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. அமைச்சர் இரண்டு பெட்டிகளுக்கும் சால்வை போர்த்தினார். ஒன்றின் சால்வை வழுக்கி விழுந்தது. மறுபடி போர்த்தினார்.

பிறகு மேடையில் பெட்டிகளைப் பேசவிட்டார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்றது ஒன்று.

"நீங்க சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடுவேன்?" என்றது மற்றது.

அரங்கத்தில் யாரோ விசும்பினார்கள். காவலாளியும் துண்டால் கண்ணைத் துடைத்தார். "பாத்தியாப்பா," என்றார் ஓட்டுநரிடம். "இருந்தா இப்படி ஒருத்தன் இருக்கணும். நமக்கெல்லாம் எங்க?"

"சும்மா இருங்கண்ணே. கேக்க விடுங்க."

ஓட்டுநர் திரும்பி வருவார் என்று லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் குழியின் ஓரத்தில் நின்றார். வரவில்லை. குழிக்குள் இறங்கி நண்பரைத் தோளோடு பிடித்து இழுத்தார். கனத்தது. நன்றாகத் திட்டினார். இறக்கிப் படுக்க வைத்து, துணியை முகத்துக்கு மேல் சரிசெய்துவிட்டு மேலே ஏறினார். மண்வெட்டியை எடுத்தார்.

"ஏ பெரியவரே!" காவலாளி ஜன்னல் வழியாகக் கத்தினார். "கொஞ்சம் நிறுத்துறியா? நீ மண்ணு தள்ளற சத்தத்துல அவங்க பேசறது கேக்கல."

லிஃப்ட்காரர் நிறுத்தவில்லை.